ஐந்து ஆண்டு மழையைப் பார்த்துத் தென்னை வைக்கலாமா?

2015-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் முடிய தமிழ்நாட்டில் பெய்த வடகிழக்குப் பருவமழை ஏறத்தாழ 67 செ.மீ. மறு ஆண்டு, 2016-ல், அதே மூன்று மாதங்களில் பெய்தது சுமார் 17 செ.மீ. மட்டுமே. இந்தப் பருவத்துக்கு மாநிலச் சராசரி 44 செ.மீ. மேற்கண்ட இரண்டு ஆண்டுகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 42 செ.மீ. வரும். சராசரிக்கு வெகு அருகில்! ஆனால் முதல் ஆண்டில் வயலும் வீடும் வெள்ளத்தில் நின்றன; மறு ஆண்டில் டெல்டாவிலேயே சம்பா கருகியது. இரண்டில் ஒன்றுகூடச் சராசரி ஆண்டு இல்லை.

மழையளவு இப்படிப்பட்ட சரக்கு. ஓர் ஊரின் மழை எவ்வளவு என்று கேட்டால், எத்தனை ஆண்டுக் கணக்கை வைத்து என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. அதிகாரி சொன்னாலும் சரி, அச்சிட்ட அட்டவணையில் இருந்தாலும் சரி, இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகே விவசாயிகள் அந்த எண்ணை நம்ப வேண்டும். எண் தவறினால் நஷ்டப்படுபவர்கள் அவர்கள்தாம்.

கடந்த நான்கைந்து ஆண்டுகளில் கண்ணால் கண்ட மழையையே தன் ஊரின் மழை என்று எடுத்துக்கொள்வது மனித இயல்பு. கிணற்றில் தண்ணீர் எட்டிப் பிடிக்கும் ஆழத்தில் நிற்கும்போதுதான் தென்னங்கன்று தேடி அலைகிறோம். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வரவே 6, 7 ஆண்டுகள் ஆகும். அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் நிற்கும். அந்த 60 ஆண்டுகளுக்குள் எத்தனை வறட்சி வரும் என்பதை, நட்ட ஆண்டுக்கு முந்தைய ஐந்து ஆண்டு மழை சொல்லாது. 2016-17 வறட்சியில் மாநிலத்தின் மேற்கு மாவட்டங்களில் காய்த்துக்கொண்டிருந்த தென்னைகளே குருத்து காய்ந்து பட்டுப்போயின. தண்ணீர் லாரிக்குக் கடன் வாங்கி மரத்தைக் காப்பாற்றியவர்களும் உண்டு.

எள் 85, 90 நாள் பயிர். ஒரு பருவம் தவறினால் விதையும் உழவுக் கூலியும் போகும். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். தென்னைக்கும், மாந்தோப்புக்கும், ஆழ்குழாய்க் கிணற்றுக் கடனுக்கும் அந்த வசதி இல்லை. முடிவு எவ்வளவு காலத்துக்கு உரியதோ, அதற்கு ஏற்ற நீளத்தில் மழைக் கணக்கும் இருக்க வேண்டும்.

எத்தனை ஆண்டு போதும்?

உதாரணத்துக்கு ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு உண்மையான ஆண்டுச் சராசரி 60 செ.மீ. ஆண்டுக்கு ஆண்டு மழை இதிலிருந்து ஏறியும் இறங்கியும் 18 செ.மீ. வரை மாறுவது சாதாரணம் என்று வைத்துக்கொள்வோம். வறண்ட வட்டங்களில் இந்த அளவு மாறுதல் புதிதல்ல. இங்கே ஐந்து ஆண்டு மட்டும் அளந்து சராசரி கண்டால், அது உண்மையான சராசரியிலிருந்து 8 செ.மீ. வரை கூடவோ குறையவோ இருக்கும். மூன்றில் ஒரு தடவை பிழை இதையும் தாண்டும். பத்து ஆண்டு அளந்தால் பிழை 6 செ.மீ.க்குச் சற்றுக் கீழே வருகிறது. முப்பது ஆண்டுக்கு 3 செ.மீ.க்குச் சற்று மேல்; நூறு ஆண்டு அளந்தால் 2 செ.மீ.க்கும் குறைவு.

கவனித்தால் ஒன்று விளங்கும். ஐந்திலிருந்து முப்பதுக்குப் போகும்போது கிடைக்கும் லாபம் பெரிது. முப்பதிலிருந்து நூறுக்குப் போக இன்னும் 70 ஆண்டு காத்திருந்தும், சராசரியைப் பொறுத்தவரை கிடைக்கும் லாபம் சிறிது.

8 செ.மீ. பிழை சிறியது என்று தோன்றலாம். ஐந்து ஆண்டுக் கணக்கில் 52 செ.மீ. கண்டவர் கம்பும் கொள்ளும் போதும் என்று இருந்துவிடுவார். வேறு ஐந்து ஆண்டைப் பார்த்து 68 செ.மீ. கண்டவர் பருத்தியும் மிளகாயும் போடத் துணிவார். மண் ஒன்று, வானம் ஒன்று. எண்ணிய ஆண்டுகள்தாம் வேறு. ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஏக்கருக்கு 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சராசரியை விட்டுக் கெட்ட ஆண்டுகளைப் பார்த்தால் குறுகிய கணக்கின் குறை இன்னும் வெளிப்படை. ஐந்துக்கு ஒரு ஆண்டு பொய்க்கும் ஊர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டுப் பதிவில் அந்தக் கெட்ட ஆண்டு நிச்சயம் ஒன்று இருக்கும் என்று நினைப்பது தவறு. அது ஒரு தடவைகூட வராமல் போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட ஐந்து ஆண்டைப் பார்த்தவர், தன் ஊரில் மழை பொய்ப்பதே இல்லை என்பார். பொய் சொல்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது.

25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெருமழை இருக்கிறதே, அதைப் பத்தாண்டுப் பதிவுகள் மூன்றில் இரண்டு காணவே காணா. முப்பது ஆண்டுப் பதிவுகளிலும் பத்துக்கு மூன்று வீதம் அதைத் தவறவிட்டுவிடும். பண்ணைக் குட்டையின் போக்கு மதகு, வரப்பின் உயரம், ஓடைக் கரையில் போடும் மோட்டார் கொட்டகை எல்லாம் இந்தப் பெருமழையை மனத்தில் வைத்துச் செய்ய வேண்டியவை. இங்கே நூறாண்டுப் பதிவுக்கு மாற்று இல்லை.

பழைய ஏரிகளின் கலிங்குகளை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டு தண்ணீர் வழியாத கலிங்கைப் பார்த்து, இத்தனை அகலம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்பார்கள். தலைமுறை தலைமுறையாக வெள்ளத்தைக் கண்டவர்கள் கட்டிய அளவு அது. கல்லில் எழுதிய மழைப் பதிவு என்றே சொல்லலாம். அதன் கீழே ஓடைப் புறம்போக்கைச் சுருக்கி நெல் நட்டவர்களின் வயல்தான் முதலில் போகிறது.

நல்ல ஆண்டுகளும் கெட்ட ஆண்டுகளும் சீட்டுக் கட்டுப் போல் கலைந்து வருவதில்லை என்பது இன்னொரு சங்கடம். அவை கூட்டமாகவும் வரும். 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் மாநிலம் வறட்சியில் வாடியது. மழையே இனி இல்லை என்று ஆழ்குழாய் மேல் ஆழ்குழாய் போட்டார்கள். நிலத்தை விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. 2005-ல் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்து மாவட்டம் மாவட்டமாக வெள்ளம் வந்தது. நான்கைந்து ஆண்டுச் சரிவைக் கண்டு மழை குறைந்துவிட்டது என்றும், நான்கைந்து ஆண்டு ஏற்றத்தைக் கண்டு பருவம் திரும்பிவிட்டது என்றும் முடிவு கட்டுவது இரண்டும் ஒரே தவறு.

சென்னையின் இருநூறு ஆண்டுப் பதிவு

நாட்டிலேயே மிக நீண்ட மழைப் பதிவுகளில் ஒன்று சென்னையில் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் வானாராய்ச்சி நிலையம் ஒன்றைக் கட்டினார்கள். நட்சத்திரம் பார்க்கவே அது ஏற்பட்டது. ஆயினும் 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்புகளும் எடுக்கப்பட்டன. மழையளவு 1813 முதல் கிடைக்கிறது. இந்திய வானிலைத் துறை என்ற ஒன்று தோன்றியதே 1875-ல்தான்.

இருநூறு ஆண்டுப் பதிவால் என்ன பயன்? 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 104 செ.மீ.க்கு மேல் மழை பெய்தபோது, இது என்றும் கண்டிராதது என்று பலரும் பேசினார்கள். பதிவேடு வேறு சொன்னது. 1918 நவம்பரில் அதே இடத்தில் 108 செ.மீ.க்கு மேல் பெய்திருக்கிறது. 1920-க்குப் பின் தொடங்கிய பதிவாக இருந்திருந்தால் அந்த 1918-ஐ யாரும் அறிந்திருக்க முடியாது. அந்த மழை மறுபடியும் பெய்யக்கூடியது என்பதையும் அறிந்திருக்க முடியாது.

2016-ஆம் ஆண்டின் பற்றாக்குறையும் இப்படியே. வடகிழக்குப் பருவமழை 62 சதம் குறைந்த அந்த ஆண்டுக்கு இணை தேட, 140 ஆண்டுகள் பின்னோக்கி 1876-க்குப் போக வேண்டியிருந்தது. 1876 என்றால் தாது வருஷம். தாது வருஷப் பஞ்சம் என்று தாத்தாமார் சொல்லி இன்றும் கிராமங்களில் பேசப்படும் பஞ்சம் அதுவே. ஊர் நினைவும் அளவுப் பதிவும் ஒன்றையொன்று உறுதி செய்யும் இடம் இது.

ஆனால் ஊர் நினைவை அளவுப் பதிவுக்கு ஈடாக வைத்துவிடக் கூடாது. நினைவில் நிற்பது பஞ்சமும் பெருவெள்ளமும்தான். இடைப்பட்ட நாற்பது சாதாரண ஆண்டுகள் நிற்பதில்லை. அறுபது ஆண்டு கழித்து அதே பெயருள்ள வருஷம் வரும்போது அதே மழையும் வரும் என்று நம்புவோர் இன்னும் உண்டு. தாது வருஷம் மீண்டும் 1936-லும் 1996-லும் வந்தது. 1996 ஜூன் மாதத்தில், கோடைச் சூடு தணியும் முன்பே, சென்னையில் பெருமழை பெய்து தெருவெல்லாம் வெள்ளம் ஓடியது. பஞ்சம் வரவில்லை.

கோய்டர் போட்ட கோடு

குறுகிய கணக்கை நம்பி உழவர்கள் கெட்ட கதை உலகில் பல உண்டு. தென் ஆஸ்திரேலியாவில் நடந்தது நன்றாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

1865-ல் அந்த நாட்டை வறட்சி வாட்டிக்கொண்டிருந்தபோது, நில அளவைத் தலைமை அதிகாரியாக இருந்த ஜார்ஜ் கோய்டர் குதிரையில் வடக்கே அனுப்பப்பட்டார். எதுவரை மழையை நம்பலாம், எங்கிருந்து வறட்சி நிலம் தொடங்குகிறது என்று கண்டு வருவது அவர் வேலை. அந்தப் பகுதியில் நீண்ட மழைப் பதிவு கிடையாது. அவர் செடிகொடிகளைப் பார்த்தார். புதர் மரங்கள் முடிந்து, வறட்சி தாங்கும் உப்புச்செடிகள் தொடங்கும் இடத்தில் வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குத் தெற்கே கோதுமை போடலாம். வடக்கே ஆடு மாடு மேய்ப்பதோடு நிற்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். ஆண்டுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 செ.மீ. மழை பெய்யும் எல்லை அது என்று பின்னால் தெரிந்தது.

1870-களில் சில ஆண்டுகள் நல்ல மழை பெய்தது. கோட்டுக்கு வடக்கேயும் பயிர் செழிக்கும் என்று ஜனங்கள் நம்பினார்கள். நிலத்தை உழுதால் மழை தானே பின்தொடர்ந்து வரும் என்ற பேச்சும் அந்நாளில் அங்கே அடிபட்டது. 1874-ல் அரசும் அந்த எல்லையை எடுத்துவிட்டது. குடும்பம் குடும்பமாக வடக்கே போய்க் கல் வீடு கட்டினார்கள், கோதுமை விதைத்தார்கள், முதலில் சில வெள்ளாமைகளும் கண்டார்கள். 1880-களின் தொடக்கத்தில் வறட்சி திரும்பியது. விதைத்த விதைகூடத் திரும்பவில்லை. கடனில் மூழ்கித் தெற்கே திரும்பினார்கள். கூரை போன அந்தக் கல் வீடுகள் கோட்டுக்கு வடக்கே இன்றும் நிற்கின்றன.

கோய்டரிடம் மழைமானிப் பதிவு இருந்ததில்லை. அவரை எதிர்த்தவர்களிடம் ஐந்தாறு ஆண்டு நல்ல மழை இருந்தது. ஆனால் பல நூறு ஆண்டு மழையையும் வறட்சியையும் கண்டு அந்த மண்ணில் தங்கியவை உப்புச்செடிகள். கோய்டர் அவற்றைப் படித்தார்.

அமெரிக்காவிலும் 1922-ல் கொலராடோ ஆற்று நீரை 7 மாநிலங்கள் பங்கிட்டுக்கொண்டபோது கையில் இருந்தது ஏறத்தாழ 20 ஆண்டு அளவுதான். அந்த 20 ஆண்டும் தண்ணீர் மிகுந்த காலமாக அமைந்துவிட்டது. பிற்பாடு பழைய மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பல நூற்றாண்டு நீர்வரத்தைக் கணித்தபோது, ஆற்றில் ஓடுவதைவிட அதிகமாகப் பங்கு போட்டுவிட்டது தெரிந்தது. வழக்கும் வாதமும் இன்றும் ஓயவில்லை.

நீளம் மட்டும் போதாது

நீண்ட பதிவு என்றாலே நல்ல பதிவு என்று எண்ணிவிடக் கூடாது. நூறாண்டுப் பதிவு என்பது, ஒரே இடத்தில், ஒரே முறையில், தவறாமல் அளந்திருந்தால்தான் நூறாண்டுப் பதிவு.

மழைமானியின் வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அருகில் உள்ள மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ, அதைப் போல் குறைந்தது இரு மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும். அலுவலக வளாகத்தில் வைத்த மழைமானியின் பக்கத்தில் யாரோ நல்லெண்ணத்தோடு ஒரு வேப்பங்கன்று நட்டார் என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டில் மரம் படர்ந்து மழையை மறைக்கும். பதிவேட்டில் மழை ஆண்டுக்கு ஆண்டு குறையும். வானத்தில் ஒன்றும் குறைந்திருக்காது. மானியை மாடிக்கு மாற்றுவது, கட்டடம் எழும்புவது, வேறு இடத்துக்குக் கொண்டு போவது எல்லாம் இப்படிப் பொய்க் குறைவையோ பொய் ஏற்றத்தையோ காட்டிவிடும்.

அளவுக் குவளையிலும் ஏமாற இடம் உண்டு. பழைய சைமன்ஸ் மழைமானியின் வாய் 5 அங்குல விட்டம் கொண்டது. பின்னர் வந்த கண்ணாடி நார் மானிகளின் வாய் அளவு வேறு. ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று கோடிட்ட குவளை உண்டு. குவளை உடைந்தது என்று வேறொரு மானியின் குவளையை எடுத்து அளந்தால், அன்றிலிருந்து அந்த நிலையத்தின் மழையே மாறிவிடும். பழைய ஏடுகளில் மழை அங்குலத்திலும் சென்ட்டிலும் இருக்கும். 100 சென்ட் ஓர் அங்குலம், அது 25.4 மி.மீ. இதை மில்லிமீட்டருக்கு மாற்றும்போது நேரும் பிழைகளும் பதிவில் சேர்ந்துவிடும்.

விடுமுறை நாளில் அளக்காமல் விட்டு, மறுநாள் இரண்டு நாள் மழையையும் சேர்த்து ஒரே நாளில் எழுதினால், ஆண்டுத் தொகை கெடாது. ஆனால் ஒரு நாள் பெருமழைக் கணக்கு கெட்டுவிடும். அதைவிடக் கேடு, அளக்காத நாளுக்கு மழை இல்லை என்று எழுதுவது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பக்கத்து நிலையத்தோடு ஒப்பிடுவதுதான். அடுத்தடுத்த இரண்டு நிலையங்கள் இருபது ஆண்டு சேர்ந்தே ஏறி இறங்கியிருக்க, ஓர் ஆண்டிலிருந்து ஒன்று மட்டும் தொடர்ந்து கீழே போனால், சந்தேகப்பட வேண்டியது மழைமானியை.

சராசரிக்கும் வயது உண்டு

உலக அளவில் வானிலைச் சராசரி காண 30 ஆண்டு என்ற வழக்கம் 1935-ல் வார்சாவில் கூடிய மாநாட்டிலிருந்து வருகிறது. முதலில் எடுத்துக்கொண்டது 1901 முதல் 1930 வரை. இப்போது 1991 முதல் 2020 வரை உள்ள காலம் வழக்கத்தில் இருக்கிறது. மழைக்கு இந்திய வானிலைத் துறை 50 ஆண்டு எடுத்துக்கொள்கிறது. மழை வெப்பத்தைவிட அதிகம் ஆடும் சரக்கு என்பதால் இது பொருத்தமே. 1961-2010 கணக்கில் நாடு முழுவதுக்கும் தென்மேற்குப் பருவமழைச் சராசரி 88 செ.மீ. 2022-ல் அதை 1971-2020 கணக்குக்கு மாற்றியபோது 87 செ.மீ. ஆயிற்று. பற்றாக்குறை எத்தனை சதம் என்று செய்தியில் படிக்கும்போது, எந்தச் சராசரியிலிருந்து குறைவு என்பதும் இதனால் முக்கியமாகிறது.

வெப்பநிலையில் நிலைமை வேறு. 1901-க்கும் 2018-க்கும் இடையே நாட்டின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது. இப்படி ஒரே பக்கம் ஏறிக்கொண்டிருப்பதற்கு நூறாண்டுச் சராசரி எடுத்தால், தாத்தா காலத்துக் குளிர்ச்சியும் அதில் கலந்து, இன்றைய வயலின் சூட்டைக் குறைத்துக் காட்டும். அங்கே அண்மைய 30 ஆண்டு போதும். மழையின் கெட்ட ஆண்டுகளையும் பெருமழையையும் அறியவோ, கிடைக்கும் அத்தனை ஆண்டும் வேண்டும்.

அத்தனை ஆண்டும் கையில் இருந்தாலும் அதுவே உச்ச வரம்பு ஆகாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட இது அதிகம். காற்று சூடேறும்போது அதிக ஈரத்தைத் தாங்கும்; பெய்தால் கூடுதலாகப் பெய்யும். பழைய பதிவு காட்டும் பெருமழைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டே கரையும் மதகும் அமைப்பது நல்லது.

தன் நிலத்துக்குக் கணக்குப் போடுவது எப்படி?

மானாவாரி விவசாயிக்குச் சராசரியைவிட நம்பத்தக்க மழையே தேவை. அதாவது, நான்கில் மூன்று ஆண்டு இவ்வளவாவது கிடைக்கும் என்று சொல்லக்கூடிய அளவு. வட்டத்தின் 30 ஆண்டுப் பருவமழைத் தொகைகளை வாங்கி, அதிகமானதை மேலே வைத்து இறங்கு வரிசையில் எழுதினால், மேலிருந்து 23-ஆவது எண் ஏறக்குறைய அதுதான். சராசரியைவிட இது எப்போதும் கணிசமாகக் குறைந்திருக்கும். இரண்டொரு பெருமழை ஆண்டுகள் சராசரியைத் தூக்கிவிடுவதால், வறண்ட வட்டங்களில் சராசரிக்குக் கீழே விழும் ஆண்டுகளே எண்ணிக்கையில் கூடுதல். பயிரையும் ரகத்தையும் 23-ஆவது எண்ணுக்குத் தேர்ந்தெடுத்தால் நான்கில் மூன்று தடவை கைகொடுக்கும். ஐந்து ஆண்டுக் கணக்கில் இந்த வேலையைச் செய்யவே முடியாது. வரிசையில் எண்ணே போதாது.

விதைப்பு வாரத்தைத் தீர்மானிக்க இன்னும் நீண்ட பதிவு வேண்டும். ஒரு வாரத்து மழை ஆண்டுக்கு ஆண்டு மாறும் வேகம், முழுப் பருவத்தின் மழை மாறுவதைவிடப் பல மடங்கு. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901-ல் தொடங்கியது. கரிசல் நிலத்தில் பருவமழைக்கு முன்பே பருத்தியும் சோளமும் விதைக்கலாம் என்று கூறும் பரிந்துரை, இத்தகைய நீண்ட வாராந்திரக் கணக்கின் துணையோடு செய்யப்படுவது. இரண்டு ஆண்டு முன்விதைப்புப் பலிக்கவில்லை என்று கைவிடுவதும், இரண்டு ஆண்டு பலித்தது என்று நாளை இன்னும் முன்னே தள்ளுவதும் சரியல்ல.

நீண்ட பதிவு எங்கே கிடைக்கும்? வட்டாட்சியர் அலுவலகங்களிலும், அணைகளிலும், அரசு ஆராய்ச்சிப் பண்ணைகளிலும் பழைய மழைமானிகள் உண்டு. அண்மைக் காலத்தில் வட்டாரம்தோறும் தானியங்கி வானிலை நிலையங்களும் வந்துள்ளன. இவை நிலத்துக்கு அருகில் இருப்பவை, ஆனால் வயது குறைந்தவை. தாலுகா மழைமானி தொலைவில் இருந்தாலும் வயதில் மூத்தது. இரண்டையும் இணைத்துக்கொள்ள வேண்டும்.

இணைப்பது எளிது. விவசாயி தன் நிலத்திலேயே ஒரு மழைமானி வைத்து ஐந்து ஆண்டு அளந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 270 செ.மீ. அதே ஐந்து ஆண்டில் தாலுகா மழைமானியில் 300 செ.மீ. அங்கே பத்து பெய்தால் இங்கே ஒன்பது. தாலுகாவின் 30 ஆண்டு வரிசையில் 23-ஆவது எண் 28 செ.மீ. என்றால், தன் நிலத்துக்கு அதை ஏறத்தாழ 25 செ.மீ. என்று கொள்ளலாம். குறுகிய பதிவை நீண்ட பதிவின் தோளில் ஏற்றி வைப்பது போன்றது இது. சமவெளியில் மட்டுமே இது செல்லும். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள மழைமானியோடு இந்தப் பக்கத்து நிலத்தை ஒப்பிடக் கூடாது. வால்பாறை மழையும் பொள்ளாச்சி மழையும் ஒரு நாளும் ஒன்றாகா.

சொந்த மழைமானிக்குப் பெரிய செலவில்லை. வாயும் அடியும் ஒரே அகலம் உள்ள, பக்கம் நேராக நிற்கும் தகர டப்பா ஒன்று போதும். கீழே குறுகும் பிளாஸ்டிக் வாளி ஆகாது. திறந்த வெளியில், மரத்துக்கும் சுவருக்கும் தள்ளி, சாயாமல் பாதி புதைத்து வைக்க வேண்டும். தினமும் காலை 8.30 மணிக்கு மில்லிமீட்டர் அளவுகோலை உள்ளே நிறுத்தித் தண்ணீரின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். வானிலைத் துறையும் அதே நேரத்தில்தான் அளக்கிறது. முந்திய 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் எழுதுகிறது. அந்த முறையையே பின்பற்றினால்தான் தாலுகாக் கணக்கோடு ஒப்பிட முடியும். அளந்ததும் டப்பாவைக் கவிழ்த்துக் காலி செய்துவிட வேண்டும். நோட்டில் ஒரு பக்கம் ஒரு மாதத்துக்கு. டப்பாவை இடம் மாற்றினால் எந்தத் தேதியில், எங்கிருந்து எங்கே என்று அதே பக்கத்தில் குறித்து வைக்க வேண்டும். மழை பெய்யாத நாளுக்கு 0 என்று எழுத வேண்டும். அளக்கத் தவறிய நாளுக்கு எண் எதுவும் எழுதாமல் ஒரு கோடு மட்டும் போட வேண்டும்.